கண்ணாடிக் கடையின் கணக்கும் கண் பரீட்சைப் பதிவேடும்

மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் மாதக் கடைசியில் முதலில் கூட்டிப் பார்ப்பது விற்பனைத் தொகையைத்தான்; அது இயல்பே, ஏனெனில் கடை வாடகையும் சிப்பந்திகளின் சம்பளமும் லென்ஸ் தருவிக்கும் கம்பெனிக்குச் சேரவேண்டிய பாக்கியும் அந்தத் தொகையிலிருந்தே கொடுபட வேண்டியவை. ஆயினும் மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் சிரம்பானிலோ ரந்தாவிலோ பாகாவிலோ கடை நடத்துகிறவர், தம்முடைய வியாபாரம் விருத்தியடைகிறதா க்ஷீணிக்கிறதா என்பதை உள்ளபடி அறிய விரும்பினால், அத்தொகையைக் கடைசியாகப் படிக்க வேண்டுமேயன்றி முதலில் படிக்கலாகாது என்பதே இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப் புகுவது. முதலில் படிக்க வேண்டியது கண் பரீட்சைப் பதிவேடு. இன்னார் இன்ன தேதியில் வந்தார், இன்ன ஊரிலிருந்து வந்தார், பரீட்சைக்குப் பின் கண்ணாடி வாங்கினாரா, வாங்காமற் போனாரா என்று அதில் கிடக்கும் வரிகளிலேதான் கடையின் ஆரோக்கியம் எழுதப்பட்டிருக்கிறது. ரொக்கப் பெட்டி அந்தச் செய்தியைச் சில மாதங்கள், சில வேளை இரண்டாண்டுகள், தாமதமாகவே நமக்குச் சொல்கிறது.

இரண்டு ஜூன் மாதங்கள்

ஒரு கணக்கை எடுத்துக் கொள்வோம். இஃது எந்தக் கடையின் கணக்கும் அன்று, விளக்கத்துக்காக நாமே அமைத்துக் கொண்டது. 2024-ஆம் ஆண்டு ஜூனில் ஒரு கடைக்கு 120 பேர் கண் பரீட்சைக்கு வந்தார்கள். அவர்களில் 72 பேர் கண்ணாடி செய்து கொண்டார்கள். தலைக்குச் சராசரி 280 வெள்ளி. அடுத்த ஆண்டு ஜூனில் 90 பேர் வந்தார்கள். 63 பேர் செய்து கொண்டார்கள். சராசரி 320 வெள்ளி. பெருக்கிப் பார்த்தால் இரண்டு ஜூனிலும் விற்பனை 20,160 வெள்ளியே. விற்பனைத் தொகையை மட்டும் பார்க்கும் முதலாளி, ஊரெல்லாம் வியாபாரம் மந்தமாயிருக்கையில் நாம் நிலைத்து நிற்கிறோம் என்று திருப்தியடைவார். பதிவேட்டைப் படிப்பவரோ, வாசற்படி ஏறியவர்களில் நாலில் ஒரு பங்கு குறைந்துவிட்டதைக் காண்பார். இன்று வராத அந்த 30 பேர் இரண்டாண்டு கழித்து மறுபரீட்சைக்கு வரவேண்டிய காலத்திலும் வரப்போவதில்லை என்பதையும் உணர்வார்.

வந்தவர்களில் கண்ணாடி செய்து கொண்டோரின் விகிதம் நூற்றுக்கு 60-லிருந்து 70 ஆக உயர்ந்திருக்கிறதே, அது நல்ல அறிகுறி அல்லவா என்று கேட்கலாம். சில சமயம் நல்ல அறிகுறிதான். ஆனால் பல சமயங்களில், சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வருகிறவர்கள் வருவதையே நிறுத்திவிட்டார்கள், கண்ணாடி உடைந்து வேறு வழியில்லாதவர்கள் மாத்திரமே வருகிறார்கள் என்பதே அவ்வுயர்வின் பொருளாக இருக்கும். பரீட்சை எண்ணிக்கை ஏறும்போது விகிதமும் ஏறினால் மகிழலாம். எண்ணிக்கை இறங்கும்போது விகிதம் ஏறினால் காரணத்தைத் தேடவேண்டும்.

சராசரித் தொகை 280-லிருந்து 320 ஆனதும் அப்படியே ஆராய்வதற்குரியது. வாடிக்கையாளர் மேலான சரக்கை விரும்பத் தொடங்கிவிட்டார் என்று இதைக் கண்டு தீர்மானித்து, விலையுயர்ந்த பிரேம்களைக் கடன் சொல்லி வாங்கி அடுக்கினவர்கள் உண்டு. தோட்டத் தொழிலாளியை நம்பியிருக்கும் கடைக்கு இதைவிட நம்பகமான அளவுகோல் அவருடைய நாட்கூலியே. மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளியாகத் தொடங்கி, 2022 மே மாதத்தில் 1,500 ஆகவும், 2025 பிப்ரவரியில் 1,700 ஆகவும் உயர்ந்தது. மாதத்துக்கு 26 வேலை நாளென்று வகுத்தால் 2024-இல் ஒரு நாட்கூலி ஏறத்தாழ 57 வெள்ளி 70 காசு; 2025 ஜூனில் ஏறத்தாழ 65 வெள்ளி 40 காசு. அப்படியானால் 280 வெள்ளிக் கண்ணாடிக்கு அன்றும், 320 வெள்ளிக் கண்ணாடிக்கு இன்றும், தொழிலாளி கொடுத்தது ஏறக்குறைய ஐந்து நாள் உழைப்பையேயாகும். வாடிக்கையாளரின் ருசி உயரவில்லை. கூலி உயர்ந்த அளவுக்கு விலை உயர்ந்திருக்கிறது, அவ்வளவே. 2013-இல் அதே 280 வெள்ளிக்கு எட்டு நாள் உழைக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், அக்காலத்தில் ஏன் தவணை இல்லாமல் தோட்டத்தில் கண்ணாடி விற்க முடியவில்லை என்பதும் விளங்கும்.

யார் வருகிறார்கள்

நெகிரி செம்பிலானில் கண்ணாடிக் கடைக்கு வருகிறவர் யார் என்ற கேள்விக்கு ஒரு தலைமுறைக்கு முன்பிருந்த விடை இன்று பொருந்தாது. லாபு, சிலியாவ், ரந்தாவ், லிங்கி, போர்ட் டிக்சன், பாகாவ் ஆகிய வட்டாரங்களில் பால் மரம் நின்ற காலத்தில், லயங்களில் குடியிருந்த குடும்பங்கள் கூலி வாங்கிய வாரத்தில் பஸ் ஏறிப் பட்டணத்துக்கு வரும். சாமான் கடை, துணிக்கடை, நகைக்கடை என்று வரிசையாக முடித்துக்கொண்டு, பையனுக்குக் கரும்பலகை தெரியவில்லை என்று வாத்தியார் சொன்னதன் பேரில் கண்ணாடிக் கடைக்கும் வரும். பிறகு பால் மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகவே வேண்டும். வேண்டிய ஆட்களிலும் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்களானார்கள். தமிழ்க் குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. சிரம்பானுக்குத் தெற்கிலும் மேற்கிலும் தோட்ட நிலங்களிலேயே சிரம்பான் 2, ஸ்ரீ செண்டாயான் போன்ற குடியிருப்புகள் எழும்பின. லாபுப் பக்கத்துச் செம்பனை நிலங்கள் மலேசியா விஷன் வேலி என்னும் பெருந்திட்டத்துக்குள் வந்துவிட்டன.

இதனால் கடைக்காரர் செய்யவேண்டிய காரியம் ஒன்றுண்டு. பதிவேட்டில் பெயருக்கும் வயதுக்கும் பக்கத்தில், வசிக்கும் இடம், செய்யும் தொழில் என்று இரண்டு கட்டங்கள் போட்டு, அவற்றைச் சோம்பலில்லாமல் நிரப்பவேண்டும். ‘சிரம்பான்’ என்று பொதுப்பட எழுதுவது எழுதாமலிருப்பதற்குச் சமம். எந்தத் தாமான், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று எழுதவேண்டும். தொழில் என்ற கட்டத்தில் ‘வேலை’ என்று எழுதும் சிப்பந்தியை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டத்தின் பிரயோஜனம் என்னவென்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை என்பதே அதற்கு அர்த்தம். மண்டோர், கிராணி, லாரி ஓட்டுநர், தொழிற்சாலையில் இரவு ஷிப்ட், தமிழ்ப்பள்ளி ஆசிரியை, ஓய்வு பெற்ற பால்வெட்டுத் தொழிலாளி என்று எழுதிவைத்தால், ஆறு மாதத்துக்கொரு முறை எண்ணிப் பார்க்கையில், எந்த வகுப்பார் தேய்கிறார்கள், எவர் வளர்கிறார்கள் என்பது கண்கூடாகத் தெரியும்.

பாகாவில் கடை வைத்திருப்பவருக்கு இது பின்னும் அவசியம். அங்கே வருகிறவர்கள் தோட்டத்தார் மட்டுமல்லர். பாலோங், செர்த்திங், பாசோ முதலிய பெல்டா குடியேற்றங்களைச் சேர்ந்தவர்களும் உண்டு, பட்டணத்துச் சீனக் குடும்பங்களும் உண்டு. மாதச் சம்பளக்காரரின் கை செம்பனை எண்ணெய் விலையோடு சிறிதளவே ஏறி இறங்கும். சொந்தக் குலை விற்கும் குடியேற்றக்காரரின் கையோ அவ்விலையோடு முழுவதும் ஏறி இறங்கும். 2022 மார்ச்சில் டன் 7,000 வெள்ளியைத் தாண்டிய எண்ணெய் விலை அவ்வாண்டு செப்டம்பரிலேயே 4,000 வெள்ளிக்குக் கீழே வந்தது. அவ்விரு மாதங்களின் விற்பனையை ஒப்பிட்டு, கடைச் சிப்பந்தியின் சாமர்த்தியம் குறைந்துவிட்டது என்று தீர்மானிக்கும் முதலாளி, அந்தச் சிப்பந்திக்கு அநியாயம் செய்கிறார்.

நாட்காட்டி செய்யும் மயக்கம்

சென்ற ஆண்டின் இதே மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிடுவது எல்லா வியாபாரிகளின் வழக்கம்; நம் நாட்டில் அந்த வழக்கத்தைப்போல ஏமாற்றுவது வேறில்லை. தீபாவளி 2023-இல் நவம்பர் 12-ஆம் தேதியும், 2024-இல் அக்டோபர் 31-ஆம் தேதியும், 2025-இல் அக்டோபர் 20-ஆம் தேதியும் வந்தது. 2026-இல் மறுபடியும் நவம்பருக்குப் போகிறது. புத்தாடையோடு புதுக் கண்ணாடியும் போட்டுக்கொள்ள விரும்பும் இளைஞர்களும், மகன் கொடுத்த காசில் பழைய கண்ணாடியை மாற்றிக்கொள்ளும் பெற்றோரும் வருவது தீபாவளிக்கு முந்திய மூன்று நான்கு வாரங்களிலேயே. ஆகவே அக்டோபரையும் நவம்பரையும் என்றும் பிரிக்காமல் சேர்த்தே கூட்டி, அந்தக் கூட்டுத் தொகையையே ஆண்டுக்காண்டு ஒப்பிடவேண்டும். நோன்புப் பெருநாளோ ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்ந்துகொண்டே போவது. மலாய் வாடிக்கையாளர் மிகுந்த கடைக்கு அதையும் இவ்வண்ணமே கணக்கிடவேண்டும்.

பள்ளிக்கூட ஆண்டின் கதை இதைவிட விசித்திரம். பெருந்தொற்றுக்குப் பின் பள்ளித் தவணை ஜனவரியில் தொடங்கும் பழைய வழக்கம் குலைந்து, 2023-இலும் 2024-இலும் மார்ச் மாதத்திலும், 2025-இல் பிப்ரவரியிலும் தொடங்கியது. 2026-இல் மீண்டும் ஜனவரிக்கே வந்தது. பிள்ளைகளுக்குக் கண்ணாடி வாங்கும் பருவம் அந்தத் தொடக்கத்தை ஒட்டியது. மார்ச் 2024-ஐயும் மார்ச் 2025-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மாணவர் வியாபாரம் போய்விட்டதென்று கலங்கியவர்கள், அது ஒரு மாதம் முன்பே வந்து போயிருந்ததைக் கவனிக்கவில்லை. டிசம்பர் முதல் மார்ச் வரையிலான நான்கு மாதங்களை ஒரே பருவமாகப் பாவித்தால் இந்தக் கலக்கமில்லை.

மாதத்துக்குள்ளேயும் ஏற்றத்தாழ்வு உண்டு. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுபட வேண்டும். ஆகவே தோட்டத்து வாடிக்கையாளர் பட்டணத்துக்கு வரும் ஞாயிறு பெரும்பாலும் ஏழாம் தேதியை அடுத்து வருவது. அந்த ஞாயிறன்று கண் பரீட்சை செய்யத் தகுதி பெற்றவருக்கு விடுமுறை கொடுத்துவிட்டு, இருபத்தைந்தாம் தேதி வாக்கில் ஆளில்லாக் கடையில் இருவரை உட்கார்த்திவைப்பது, கூலிப் பட்டியலைப் பார்க்காமல் நாட்காட்டியை மட்டும் பார்த்து வேலை பிரிப்பதன் பலன்.

சில ஆண்டுகளை ஒப்பிடுவதற்கே எடுத்துக்கொள்ளலாகாது. 2015 ஏப்ரல் முதல் தேதி ஜி.எஸ்.டி. வரி 6 விழுக்காடாக வந்தது. 2018 ஜூன் முதல் தேதி அது சூன்யமாக்கப்பட்டு, செப்டம்பரில் எஸ்.எஸ்.டி. தொடங்கியது. வரி வருமுன் வாங்கிவைத்தவர்களும் வரி போனதும் வாங்க வந்தவர்களும் அவ்விரண்டு ஆண்டுகளின் கணக்கையும் முறுக்கிவிட்டார்கள். போதாக்குறைக்கு, வரியைச் சேர்த்தே விற்பனை என்று எழுதிவைத்த கடைகளில் அவ்வாண்டுகளின் தொகை உண்மையினும் பெரிதாகத் தோற்றுகிறது. 2020 மார்ச் 18-இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாடும், அதைத் தொடர்ந்த 2021-உம் சொல்லவே வேண்டுவதில்லை. 2022-ஐ 2021-உடன் ஒப்பிட்டுப் பெருமைப்பட்டவர்கள் 2023-இல் வருத்தப்பட்டார்கள். இரண்டுக்கும் அவர்கள் காரணரல்லர்.

கைக்கெட்டும் தூரம்

இனி, பதிவேட்டில் எழுதப்படாமலே போகும் ஒரு வியாபாரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். நாற்பது வயது கடந்தவர்க்கு வெள்ளெழுத்து வருகிறது. எழுத்து வாசிப்பவர் உடனே உணர்கிறார், வாசிக்காதவரோ நெடுங்காலம் உணர்வதில்லை. ஆனால் தோட்ட வேலையில் கிட்டப் பார்வை வேண்டாம் என்று எண்ணுவது பெரும் பிழை. பால் வெட்டுகிறவரின் கத்தி, பட்டையின் மெல்லிய சீவலை மட்டும் எடுத்துவிட்டு, உள்ளே மரத்தை ஒட்டியிருக்கும் வளர்படலத்தைத் தொடாமல் நிற்கவேண்டும். தொட்டால் மரத்தில் காயம் விழும், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அந்த வேலை விடியுமுன் நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், கைக்கெட்டும் தூரத்தில் நடக்கிறது. இன்று பெருந்தோட்டங்களில் பால் மரம் அருகிவிட்டாலும், சிறு தோட்டக்காரர்களிடம் அது இருக்கிறது. அவர்களிற் பலர் ஐம்பதும் அறுபதும் கடந்தவர்கள்.

அசாம் மாநிலத்துத் தேயிலைத் தோட்டங்களில், நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆன 751 தொழிலாளர்களைக் கொண்டு நடத்தி 2018-இல் லான்செட் குளோபல் ஹெல்த் பத்திரிகையில் வெளியான ஆராய்ச்சி, கிட்டப் பார்வைக்குரிய கண்ணாடி கொடுக்கப்பட்டவர்களின் கொழுந்து பறிப்பு, கொடுக்கப்படாதவர்களைவிட 21.7 விழுக்காடு அதிகமாயிருந்ததைக் காட்டியது. தேயிலைக்கும் பால் மரத்துக்கும் செம்பனைக்கும் வேலை வேறு. அந்த எண்ணை அப்படியே இங்கே தூக்கி வைக்கக்கூடாது. ஆயினும் கண்ணாடி என்பது புத்தகத்துக்கும் கைத்தொலைபேசிக்கும் உரிய பொருள் என்ற எண்ணத்தைத் தோட்ட நிர்வாகியிடமிருந்தும் தொழிலாளியிடமிருந்தும் அகற்ற, இதைக் காட்டிலும் நேரான சான்று கிடைப்பதரிது.

இவ்விடத்தில் கடைக்காரர் வழக்கமாகச் செய்யும் ஒரு காரியம் தொழிலாளிக்கு உதவாது. வயது நாற்பத்தைந்து என்றதும் டபுள் போக்கஸ் லென்ஸை எடுத்து நீட்டுகிறார். அந்த லென்ஸில் கிட்டப் பார்வைக்குரிய வட்டம் அடியில் இருக்கிறது. பால்வெட்டின் மேல்பட்டையோ தலைக்கு மேலே இருக்கிறது. அண்ணாந்து பார்ப்பவருக்கு அந்த வட்டம் பயன்படவே படாது. மேட்டு வரிசைகளில் இறங்கி நடக்கையில் அதே வட்டம் காலடித் தரையை மங்கலாக்கித் தடுக்கிவிழவும் செய்யும். செம்பனைக் குலை அறுப்பவரும் நாள் முழுதும் அண்ணாந்தே நிற்கிறார்; அவருக்கு வேண்டியது மட்டையிலிருந்து உதிரும் தூளும் முள்ளும் கண்ணில் விழாத காப்புக் கண்ணாடி, அதுவும் அவருடைய தூரப் பார்வைப் பவரோடு. ஆகவே, “எங்கே வேலை செய்கிறீர்கள், எவ்வளவு தூரத்தில் பார்த்துச் செய்கிறீர்கள், மேலே பார்த்தா கீழே பார்த்தா?” என்று கேட்டு, அந்தத் தூரத்தைக் கயிறு பிடித்து அளந்து, வேலைக்கென்று ஒன்று, வீட்டுக்கென்று ஒன்று என இரண்டு கண்ணாடி செய்து கொடுப்பதே முறை. வேலைக் கண்ணாடி மலிவான பிரேமாக இருக்கட்டும். வியர்வையும் மழையும் படும் பொருளுக்கு விலையுயர்ந்த பூச்சு வீண். பதிவேட்டில் ‘இரண்டாம் ஜோடி’ என்று ஒரு கட்டம் வைத்து, பத்துப் பேரில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று பாருங்கள். பெரும்பாலான கடைகளில் அந்தக் கட்டம் காலியாயிருப்பது வாடிக்கையாளரின் வறுமையாலன்று, கேள்வி கேட்கப்படாமையால்.

தோட்டத்திலேயே முகாம் நடத்துவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1991-ஆம் ஆண்டு ஒளியியல் சட்டப்படி மலேசிய ஒளியியல் மன்றத்தில் பதிவு பெற்று, நடப்பாண்டுக்குரிய தொழிற் சான்றிதழும் வைத்திருப்பவரே பரீட்சை செய்யவேண்டும். கடைச் சிப்பந்தி ஒருவரையும் கணினிக் கருவி ஒன்றையும் வேனில் ஏற்றியனுப்புவது முகாமாகாது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தன் கிராம முகாம்களுக்கு பிரேமும் லென்ஸும் கையோடு எடுத்துச் சென்று அங்கேயே கண்ணாடி பொருத்திக் கொடுக்கும் முறையை வழக்கமாக்கியது. அடுத்த வாரம் கடைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் வராமலே போவார்கள். பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் கண்ணாடி விலையோடு கூடிவிடுகின்றன. எனவே முகாமின் பலனை, எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்பதால் அளவிடாமல், எத்தனை பேர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீடு திரும்பினார்கள் என்பதால் அளவிடுக.

திரும்பச் செய்யும் கண்ணாடி

செய்து கொடுத்த கண்ணாடி சரியில்லை என்று திரும்பி வருவது எல்லாக் கடையிலும் உள்ளதே. அதன் எண்ணிக்கையை எழுதிவைப்பவர் சிலர். காரணத்தை எழுதிவைப்பவர் மிகச் சிலர். பவர் தவறா, கண்மணிகளின் இடைவெளியை அளந்தது தவறா, பிரேம் மூக்கில் உட்காரவில்லையா, புரோகிரசிவ் லென்ஸ் பழகவில்லையா என்று காரணம் எழுதப்பட்டால், இங்கே ஒரு விசேஷம் புலப்படும். 2019-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் நோய், இந்தியர்களில் 31.4 விழுக்காடு. இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது கண்ணின் வில்லை நீரேறிப் பவர் மாறுகிறது. மருந்து தொடங்கிச் சர்க்கரை இறங்கும்போது மறுபடியும் மாறுகிறது. அந்த இடைக்காலத்தில் அளந்த பவருக்குச் செய்த கண்ணாடி, ஒரு மாதத்தில் ‘கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்’ என்ற பேச்சோடு திரும்பி வரும்.

ஆகையால் நாற்பது கடந்த வாடிக்கையாளரிடம், குறிப்பாகப் பவர் திடீரென மாறியிருப்பவரிடம், “அம்மா, இனிப்பு நீர் பார்த்தீர்களா, எப்போது பார்த்தீர்கள்?” என்று கேட்காமல் லென்ஸுக்கு ஆர்டர் கொடுக்கலாகாது. பார்க்கவில்லையென்றால் அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பி, சர்க்கரை சில வாரம் நிலைபெற்ற பின் வரச்சொல்லுங்கள். அன்றைய விற்பனை ஒன்று போகும். இரண்டு லென்ஸின் அசலும் ஒரு குடும்பத்தின் நம்பிக்கையும் மிஞ்சும். விழித்திரையில் கோளாறு இருக்குமென்று தோன்றினாலும் கண்புரை தெரிந்தாலும் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தனுப்பி, அதையும் பதிவேட்டில் குறியுங்கள். குறைந்த வருமானமுள்ள, நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்க்குரிய பெகா பி40 திட்டம் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் செலவுக்கும் உதவுவது என்பதைச் சொல்லியனுப்புவதும் நம் கடமை. அறுவை முடிந்தவர், வாசிப்புக் கண்ணாடிக்காக, அனுப்பிய கடைக்கே திரும்புகிறார். இந்த வரவு எந்த விளம்பரத்தாலும் வருவதன்று.

இதனோடு ஒட்டிய மற்றொரு கணக்கு மேஜை இழுப்பறையில் இருக்கிறது. முன்பணம் ஐம்பது வெள்ளி கொடுத்துவிட்டுப் போய், செய்து முடித்த கண்ணாடியை வாங்க வராதவர்களின் கூடுகள் அங்கே பெயர்ச் சீட்டோடு அடுக்கப்பட்டிருக்கும். ஆர்டர் எடுத்த நாளையே விற்பனை நாளாக எழுதும் கடையில், அத்தனையும் லாபமாகக் கணக்கில் ஏறியிருக்கும். பணம் முழுதும் கைக்கு வந்த நாளையே விற்பனை நாளாக எழுதுங்கள். மூன்று மாதத்துக்கொரு முறை அந்த இழுப்பறையைத் திறந்து எண்ணுங்கள்.

பேரங்காடியும் சுவரில் தொங்கும் சரக்கும்

பேரங்காடிகளில் கிளைபரப்பிய கம்பெனிகளைக் குறித்துப் புலம்புவது நம் தொழிலில் வழக்கமாகிவிட்டது. அதை நான் நீட்டிக்க விரும்பவில்லை. 1984-இல் குவெர்ன்சித் தீவில் தொடங்கிய ஸ்பெக்சேவர்ஸ் இங்கிலாந்தின் கடைத்தெருக்களில் செய்ததையே, சிறிது காலந்தாழ்த்தி, வேறு பெயர்கள் இங்கே செய்கின்றன. 20 நிமிடத்தில் கண்ணாடி என்று சொல்லும் ஓன்டேசுடன் அவசரத்தில் போட்டியிட ரந்தாவிலுள்ள கடையால் இயலாது, வேண்டியதுமில்லை. ஆனால் 2010-இல் பங்குச் சந்தையில் இடம்பெற்ற போக்கஸ் பாயின்ட் கம்பெனியின் ஆண்டறிக்கையை எவரும் இலவசமாகப் படிக்கலாம். கண்ணாடி வியாபாரத்தையும் உணவு வியாபாரத்தையும் தனித்தனியே பிரித்துக் காட்டும் அந்த அறிக்கை, ஒரு வியாபாரத்தின் லாபம் இன்னொன்றின் நஷ்டத்தை மறைத்துவிடாமல் கணக்கை எப்படி வகுக்கலாம் என்பதற்கு நல்ல பாடம். நம் கடையிலும் மாணவர் கண்ணாடி, வெள்ளெழுத்துக் கண்ணாடி, ஒட்டு லென்ஸ், வெயில் கண்ணாடி என்று நான்காகப் பிரித்து எழுதலாம்.

சரக்கைப் பொறுத்தவரை சுருக்கமாகவே சொல்வேன். ஒவ்வொரு பிரேமின் சீட்டிலும் வாங்கிய மாதத்தைப் பென்சிலால் எழுதுங்கள். ஓராண்டு சுவரில் தொங்கியது இனி அசல் விலைக்கு விற்காது. டாலர் 2024 பிப்ரவரியில் 4.80 வெள்ளியை நெருங்கியபோது பயந்து வாங்கி நிரப்பியவர்கள், அவ்வாண்டு செப்டம்பரில் அது வெகுவாக இறங்கியபோது அயல் கடைக்காரர் குறைந்த விலைக்கு விற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

இரண்டாண்டுக்குப் பின்

எஞ்சியிருப்பது எல்லாவற்றினும் முக்கியமான எண். இரண்டாண்டுக்கு முன் இதே பருவத்தில் பரீட்சை செய்து கொண்டவர்களில் எத்தனை பேர் மறுபடி வந்தார்கள்? பழைய பதிவேட்டை எடுத்து, பெயர் பெயராக, வந்தவருக்கு ஒரு கோடு, வராதவருக்கு ஒரு புள்ளி என்று குறித்துக்கொண்டே போனால் ஒரு பிற்பகலில் முடிகிற வேலை. நினைவூட்டும் செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோமே, வரவில்லையே என்பார்கள். அனுப்பிய எண் யாருடையது என்று பாருங்கள். தோட்டத்தை விட்டுப் போன குடும்பத்தில் தகப்பனாரின் எண் மூன்று முறை மாறியிருக்கும். மகளுடைய எண் மாறியிராது. ஆகவே முதல் வருகையிலேயே, வீட்டில் படித்த பிள்ளை ஒருவரின் எண்ணையும் கேட்டு, 2010-ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கிணங்க நினைவூட்டலுக்குச் சம்மதம் எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். பெரியவர்களுக்குச் செய்தியைவிடத் தமிழில் ஒரு தொலைபேசி அழைப்பு மேல்: “ஐயா, கண்ணாடி போட்டு ரெண்டு வருசம் ஆச்சு, ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போங்க” என்று சொல்ல அரை நிமிடம் போதும்.

வராதவர்களின் புள்ளிகளை ஊர்வாரியாக எண்ணுங்கள். புள்ளிகளெல்லாம் ஒரே தோட்டத்தைச் சேர்ந்தவையாயிருந்தால், அந்தத் தோட்டத்து லயம் காலியாகிவிட்டதா, அவர்கள் எந்தத் தாமானுக்குப் போனார்கள் என்று கோயில் நிர்வாகத்தாரிடமோ தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரிடமோ விசாரித்தறியலாம். புள்ளிகள் எல்லா ஊரிலும் சமமாகச் சிதறியிருந்தால் குற்றம் கடைக்குள்ளேயே இருக்கிறது; பரீட்சையின் தரத்தையும் சிப்பந்திகளின் பேச்சையும் அப்போது ஆராயவேண்டும். கடை வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் ஆண்டில் இந்தக் கணக்கைக் கையெழுத்துக்கு ஆறு மாதம் முன்பே முடித்துவிடுவது நலம். பழைய பஸ் நிலையத்தருகே இன்னும் மூன்றாண்டு இருப்பதா, வாடிக்கையாளர் குடிபோன தாமானின் கடைவரிசைக்கு மாறுவதா என்று வீட்டுக்காரரிடம் பேசுவதற்கும், புதிய இடத்தில் வாடகை விசாரிப்பதற்கும் அந்த ஆறு மாதம் வேண்டியிருக்கும்.